மஞ்சள் கறை போன வழி

வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளை வேட்டியில் ஒரு மஞ்சள் கறை இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. சிவந்துபோய் இன்னும் பயமுறுத்தும். அம்மா அதற்கெல்லாம் அசர மாட்டார். நன்றாக அலசி, எங்கள் அடுக்குமாடி வீட்டின் சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் மூங்கில் கழியில் கோத்து, கறை வெயில் பக்கம் பார்க்கும்படி திருப்பிவிடுவார். சாயங்காலம் எடுக்கும்போது கறை எங்கே இருந்தது என்று தேடத்தான் வேண்டும்.

கறையைப் போக்கியது வெயிலின் சூடா, வெளிச்சமா? சோதித்துப் பார்ப்பது சுலபம். அதே மாதிரிக் கறை பட்ட ஒரு துணித் துண்டைக் கருப்புக் காகிதத்தில் சுற்றி அதே வெயிலில் வையுங்கள். அதுவும் சுடும், காயும்; கறை மட்டும் அப்படியே இருக்கும். ஆக, வேலையைச் செய்தது வெளிச்சம்தான். வெயிலின் சூடு தொட்டுப் பார்த்து விட்டுவிட்ட ஒரு வேதிவினையை வெளிச்சம் நடத்திக் காட்டிவிடுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். போன வருடம் இங்கே பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தாள். அவளுடைய பேராசிரியர் ஆராய்வது, சூரிய ஆற்றலுக்கான ஒளிவழி வேதிவினைகள். அக்காவுக்கு ஒரே குழப்பம். “அதான் கூரை மேல சோலார் மாட்டுறாங்களே தம்பி, அப்புறம் இவ புதுசா என்னத்தக் கண்டுபிடிக்கப் போறா?” என்று என்னிடம் கேட்டார். நான் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவன். பதில் சொல்ல இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்தப் பதில்தான் இது.

வெளிச்சம் குழாய்த் தண்ணீர் போல ஒழுகி வருவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது மழை மாதிரி, துளித் துளியாக வருகிறது. ஒவ்வொரு துளிக்கும் ஃபோட்டான் என்று பெயர். ஐன்ஸ்டைன் 1905-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். அவருக்குக் கிடைத்த 1921-ஆம் ஆண்டு நோபல் பரிசு சார்பியலுக்காகத் தரப்பட்டதல்ல. இந்த ஃபோட்டான் கணக்கை வைத்து, ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவை விளக்கியதற்காகத் தரப்பட்டது.

துளியின் பருமன் நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு ஃபோட்டானிடம் ஏறக்குறைய 1.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், பச்சையிடம் 2.3, நீலத்திடம் 2.8. அலகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அறைச் சூட்டில் ஒரு மூலக்கூறு சும்மா ஆடி அசைந்துகொண்டிருப்பதற்குரிய ஆற்றல் அளவு சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட். அப்படியானால் ஒரே ஒரு பச்சை ஃபோட்டான் அதைப்போல் 90 மடங்குக்கு மேல். தைப்பூசக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோர் மேலும் லேசாக இடித்துக்கொள்கிறார்களே, சூடு அப்படிப்பட்டது. ஃபோட்டான் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைப் பிடித்துத் தூக்கி மாடியில் வைத்துவிடும்.

மூலக்கூறுக்குள் அப்படித் தூக்கப்படுவது எலக்ட்ரான். மஞ்சளில் உள்ள குர்குமின், நீலமும் ஊதாவுமான ஃபோட்டான்களை விழுங்குகிறது. விழுங்கியது போக மிச்சம் நம் கண்ணுக்கு வருவதால் அது மஞ்சளாகத் தெரிகிறது. சாயம் எதுவானாலும் ஏதோ ஒரு நிறத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். விழுங்கிய ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை மேலே தூக்கிவிட, குர்குமின் நிதானம் இழக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் இல்லை. அவற்றில் ஒன்று வனிலின், ஐஸ்கிரீமில் வனிலா வாசம் தருவது. வேட்டியை மோந்து பார்க்க வேண்டாம், அந்த அளவுக்கு இருக்காது.

இந்தக் கட்டுரையை நீங்கள் படிப்பதும் இப்படி ஒரு வினையால்தான். விழித்திரையில் ரெட்டினல் என்ற சிறிய மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஃபோட்டான் பட்டதும் நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் பார்வையின் முதல் அடி.

இறக்கமும் ஏற்றமும்

சரி, இதில் சூரிய ஆற்றல் எங்கே வருகிறது? இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் கறை உடைவது இறக்கத்தில் உருளும் வினை. ஒளி தள்ளி மட்டும் விடுகிறது, மீதியைப் பொருளே பார்த்துக்கொள்கிறது. கடைசியில் ஆற்றல் எதுவும் சேமிப்பாக மிஞ்சுவதில்லை. அக்கா மகளின் பேராசிரியர் தேடுவது இதற்கு நேர்மாறானது: ஏற்றத்தில் ஏறும் வினை. ஒளியின் ஆற்றலை வாங்கி, விளைபொருளுக்குள் பூட்டி வைக்க வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது அப்படிப்பட்ட வினை. பிரிக்க ஆற்றல் செலவாகும். பிறகு ஹைட்ரஜனை எரித்தால் அந்த ஆற்றல் திரும்ப வரும், மிஞ்சுவது மறுபடி தண்ணீர். சுமார் 9 லிட்டர் தண்ணீரிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். அந்த 1 கிலோவுக்குள் ஏறக்குறைய 33 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது.

அக்காவின் கேள்விக்கு முதல் பாதி பதில் இதுதான். கூரைமேல் இருக்கும் பலகை மின்சாரம் தரும். மின்சாரம் வந்த நொடியே செலவாக வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியில் போக வேண்டும். விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும். ஆனால் கடல் தாண்டிப் போகும் கப்பலுக்கு? உரத்துக்கு? கெடா குரூனில் உள்ள உர ஆலை காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்க்க ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் யூரியா மூட்டைக்குள் எரிவாயு மறைந்திருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் தோன்றாது. அந்த ஹைட்ரஜனை வெயிலும் தண்ணீரும் தர முடியுமா என்பதுதான் கேள்வி.

கேள்வி புதிதல்ல. இத்தாலியின் பொலோஞா நகரத்து வேதியியலாளர் ஜாக்கோமோ சாமிச்சியான் தன் ஆய்வுக்கூடத்தின் மாடியில் கண்ணாடிக் குடுவைகளை வரிசை வரிசையாக வெயிலில் வைத்து, எந்தப் பொருள் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். ஊறுகாய்ப் பரணிகளை வெயிலில் அடுக்கி வைக்கும் நம் பாட்டிமார்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1912-இல் நியூயார்க்கில் பேசும்போது, நிலக்கரி என்பது பழைய வெயில், அது என்றைக்கும் தாங்காது, வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்களைக் காடு போல நட்டு இன்றைய வெயிலிலேயே வேதிப்பொருள்களைச் செய்யும் காலம் வரும் என்ற கருத்தை முன்வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காடு இன்னும் முளைக்கவில்லை. ஏன் என்று பார்த்தால், இந்தத் துறையின் முழுச் சிக்கலும் புரிந்துவிடும்.

கணக்கைப் பார்த்தால் சிக்கலே இருக்கக் கூடாது. தண்ணீரைப் பிரிக்க ஓர் எலக்ட்ரானுக்குக் குறைந்தது 1.23 எலக்ட்ரான் வோல்ட் போதும். சிவப்பு ஃபோட்டானிடமே 1.9 இருக்கிறது. அப்படியானால் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் மத்தியானம் கடல் தானாகப் பொங்கி ஹைட்ரஜனாகப் போக வேண்டாமா? போகாது. தண்ணீர் தெளிவானது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. சாப்பிடாதவனுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? ஆகவே இடையில் ஒரு தரகர் வேண்டும். ஒளியை விழுங்கி, எலக்ட்ரானைத் தூக்கி, அந்த ஆற்றலைத் தண்ணீரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு பொருள்.

தரகர் கிடைப்பார். அவரைப் பிடித்து நிறுத்துவதுதான் பாடு.

கொடிமலை ரயில்

பினாங்குக்காரர்களுக்குக் கொடிமலை ரயிலைச் சொன்னால் போதும். 1923-இல் இருந்து ஓடுகிறது. கீழே ஏறுகிறோம், மேலே இறங்குகிறோம். எலக்ட்ரானும் அப்படித்தான், ஃபோட்டான் அதை மேல் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. அது ஏறி வந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விழுகிறது. அதற்குத் துளை என்று பெயர். எலக்ட்ரானுக்கு அந்தத் துளைமேல் தீராத பாசம். மேலே போன வேகத்தில் அடுத்த வண்டி பிடித்துத் திரும்பி வந்துவிடும். பல சாயங்களில் இது சில நானோ விநாடிகளுக்குள், அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்குக்குள், முடிந்துவிடும். திரும்பி வரும்போது தன் ஆற்றலைச் சூடாகக் கொட்டும், அல்லது வெளிச்சமாக. கடைக்காரர் ரிங்கிட் நோட்டைப் புறஊதா விளக்கில் காட்டும்போது சில இழைகள் மினுங்குகின்றனவே, அவை எலக்ட்ரான் வீடு திரும்பும் வெளிச்சம்தான். அழகாக இருக்கும், காரியம் எதுவும் நடந்திருக்காது.

ஒளி வேதியியலின் முழுத் திறமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒளியைப் பிடிப்பது பெரிய காரியமல்ல, கறுப்புச் சட்டைகூடப் பிடிக்கும். பிடித்து மேலே ஏற்றிய எலக்ட்ரான் அதே வழியில் திரும்பி வராமல், மலையின் மறுபக்கமாக இறங்கி வரும்படி செய்ய வேண்டும். இறங்கும் வழியில் வேலை வாங்க வேண்டும்.

இலை இதை எப்படிச் செய்கிறது? பச்சையம் எலக்ட்ரானைத் தூக்கியதும் சில பைக்கோ விநாடிகளில் பக்கத்து மூலக்கூறு அதை வாங்கிக்கொள்கிறது (நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பைக்கோ விநாடி). அது இன்னொன்றிடம் கொடுக்கிறது, அது அடுத்ததிடம். ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு படி கீழே. படிக்குப் படி கொஞ்சம் ஆற்றல் நட்டம்தான். ஆனால் அந்த நட்டம் இல்லாவிட்டால் எலக்ட்ரான் திரும்பி ஏறி வந்துவிடும். நட்டத்தைக் கூலியாகக் கொடுத்து இலை நேரத்தை வாங்குகிறது. இதுவும் வேறு காரணங்களும் சேர்ந்துதான் நம் பயிர்கள் ஒரு வருட வெயிலில் 1 சதவீத அளவைத்தான் உடலாகச் சேமிக்கின்றன, பல இடங்களில் அதற்கும் குறைவு. இலையைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்; அதன் நோக்கம் ஹைட்ரஜன் விற்பது அல்ல, உயிர் வாழ்வது.

மனிதர் செய்த தரகர்களில் பெயர் பெற்றது ஒரு வெள்ளைப் பொடி. 1967-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தைத் தண்ணீரில் வைத்து வலுவான வெளிச்சம் பாய்ச்சியபோது அதன்மேல் குமிழிகள் வந்தன. ஆக்சிஜன். கம்பியால் இணைத்திருந்த பிளாட்டினத்தின் பக்கம் ஹைட்ரஜன். ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் அவரும் சேர்ந்து 1972-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகமே அந்தக் குமிழிகளைத் திரும்பிப் பார்த்தது.

டைட்டானியம் டை ஆக்சைடு ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பது அதுதான். பேராக் ஈய லம்பங்களில், அதாவது வெள்ளீயச் சுரங்கங்களில், ஈயம் எடுத்த பிறகு ஒதுக்கிய கறுப்பு மணல் இருக்கிறதே, ‘அமாங்’ என்பார்கள், அதில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்தும் இதைச் செய்யலாம். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அதே இல்மனைட் உண்டு.

பழைய அடுக்குமாடியின் வெளிச்சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளையாக மாவு ஒட்டும், பார்த்திருப்பீர்கள். மழையும் வெயிலும் தின்றுவிட்டது என்போம். வெயிலோடு சேர்ந்து தின்றதில் டைட்டானியம் டை ஆக்சைடுக்கும் பங்கு உண்டு. புறஊதா ஒளி பட்டதும் அது ஒளிவினையூக்கியாக, அதாவது ஒளியை வாங்கி வினையைத் தூண்டும் பொருளாக மாறி, தன்னைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பசையையே அரிக்கும். பசை போனால் பொடி உதிரும். பெயின்ட் ஆலைகள் இதைத் தடுக்க ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா போர்த்திவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் ஊக்குவிக்கும் குணத்தைப் பெயின்ட் ஆலையில் அடக்கி வைக்கிறார்கள்.

அந்த வெள்ளைப் பொடியின் குறை அதன் வெள்ளையிலேயே தெரிகிறது. வெள்ளையாக இருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியும் எந்த நிறத்தையும் விழுங்கவில்லை என்று பொருள். அதற்கு 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதாவது புறஊதா. பூமிக்கு வரும் வெயிலில் புறஊதா 5 சதவீதம் அளவுதான். மீதி 95 பங்கு வீண்.

சங்குப்பூ வைத்து ஒரு மின்கலம்

இந்தக் குறைக்கு ஒரு வழி, வெள்ளைப் பொடிக்குச் சாயம் ஏற்றுவது. சாயம் ஒளியை விழுங்கி எலக்ட்ரானைத் தூக்கும். பொடி அதை உடனே வாங்கிக்கொள்ளும். 1991-இல் பிரையன் ஓரெகனும் மைக்கேல் கிரெட்செலும் சுவிட்சர்லாந்தில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்களுடைய திறமை பொடியின் நுணுக்கத்தில் இருந்தது: நானோ அளவுத் துகள்களைக் கடற்பஞ்சு மாதிரிச் சேர்த்து, ஒரு சிறு சதுரத்துக்குள் ஏராளமான பரப்பை ஒளித்து வைத்தார்கள். அந்தப் பரப்பு முழுவதும் சாயம் ஒட்டிக்கொண்டது.

அக்கா மகள் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோது அறிவியல் போட்டிக்கு நாங்கள் இருவரும் இதைச் செய்து பார்த்தோம். சாயம் சங்குப்பூ. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். வேலியில் தானாகப் படர்ந்து கிடக்கும். நாசி கெராபுவும் நியோன்யா பலகாரங்களும் நீலமாக இருப்பது இந்தப் பூவால்தான். நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், அதைச் செய்து காட்டாத பினாங்குப் பிள்ளை இருக்காது.

மின்சாரம் கடத்தும் பூச்சு உள்ள இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை வினிகரில் குழைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, கண்ணாடிக் குச்சியால் தோசை மாவு போல ஒரே வீச்சில் இழுத்தோம். பிறகு 450 டிகிரி சூட்டில் அரை மணி நேரம். சூடு ஏறியதும் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஆறியதும் சங்குப்பூ நீரில் ஊறப்போட்டால் வெள்ளைப் பூச்சு மெல்ல நீலம் பிடிக்கும். மற்றக் கண்ணாடியில் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்தோம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கிளிப் போட்டு, இடையில் அயோடின் கரைசல் இரண்டு சொட்டு.

மல்ட்டிமீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை. வெயிலில் பிடித்தோம், திருப்பிப் பிடித்தோம், அயோடின் இன்னும் ஒரு சொட்டு விட்டோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, கடத்தும் பக்கத்தில் பூசாமல் வெறும் கண்ணாடிப் பக்கத்தில் பூசியிருக்கிறோம். பூசுவதற்கு முன் மீட்டரை வைத்து எந்தப் பக்கம் கடத்துகிறது என்று பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ மாணவர்களுக்கு ‘முதலில் சோதி’ என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் செய்தது வேலை செய்தது. 0.3 வோல்ட்டுக்குச் சற்று மேல். மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர்கூட இல்லை. கையால் மறைத்தால் எண் விழும், எடுத்தால் ஏறும். ஒரு விளக்கை எரிக்கவும் அது போதாது. ஆனால் ஒரு பூவின் நிறத்திலிருந்து எலக்ட்ரான் புறப்பட்டு, வெள்ளைப் பொடிக்குள் இறங்கி, கம்பி வழியாகச் சுற்றிவந்து, பென்சில் கரியில் ஏறி, அயோடின் கரைசலைத் தொற்றிக்கொண்டு மறுபடி பூவின் நிறத்துக்கே வருகிறது. கொடிமலையின் மறுபக்கப் பாதை அதுதான். அயோடினுக்கு இங்கே முக்கியமான வேலை: சாயத்தில் விழுந்த துளையை முந்திக்கொண்டு நிரப்பிவிடும். துளை நிரம்பிவிட்டால் பொடிக்குள் போன எலக்ட்ரானுக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

நான்கைந்து நாளில் கரைசல் காய்ந்து கலம் நின்றுவிட்டது. போட்டியில் ஆறுதல் பரிசு.

நாலு பேர் சேர்ந்தால்தான் டாக்சி

மின்சாரம் எடுக்க ஓர் எலக்ட்ரான் வந்தால் அது வந்த வரைக்கும் லாபம். தண்ணீரைப் பிரிப்பது அப்படியல்ல. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளியே வர வேண்டுமானால் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும். ஃபோட்டானோ ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தூக்கும்.

முன்பெல்லாம் பட்டர்வொர்த் படகுத்துறைப் பக்கம் வெளியூர் டாக்சிகள் நிற்கும். ஈப்போவுக்குப் போக வேண்டுமென்றால் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், ஆனால் நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். மூன்று பேர் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்போம். நான்காவது ஆள் வரும்வரை யாரும் இறங்கிப் போய்விடக் கூடாதே என்று ஓட்டுநர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். இலைக்குள் அந்த டாக்சி ஒரு சின்ன மாங்கனீசுக் கொத்து: நான்கு மாங்கனீசு அணு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஓர் எலக்ட்ரான் வெளியே போக, அது விட்டுச்சென்ற துளை பயணியாக ஏறி உட்காரும். நான்காவது ஏறியதும் ஆக்சிஜன் வெளியேறும், வண்டி காலி.

இது வெறும் உவமை இல்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1969-இல் பிரான்சில் பியர் ஜோலியோவின் குழு, பச்சையமுள்ள மாதிரிகளை இருட்டில் வைத்துவிட்டு மிகக் குறுகிய ஒளி மின்னல்களை ஒவ்வொன்றாகப் பாய்ச்சி, ஒவ்வொரு மின்னலுக்கும் எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தது. நான்காவது மின்னலில் வரும் என்றுதானே நினைப்போம்? மூன்றாவதில் வந்தது. அப்புறம் ஏழாவதில், பதினொன்றாவதில். நான்கு நான்காகத்தான் போகிறது, தொடக்கம் மட்டும் ஒன்று முன்னால். அடுத்த வருடம் அமெரிக்காவில் பெசெல் கோக் அதற்கு விளக்கம் சொன்னார்: இருட்டில் காத்திருக்கும்போதே பெரும்பாலான டாக்சிகளில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் வந்தால் போதும். நான் படித்த அறிவியல் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு சின்ன முரணைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டதால் உண்மை கிடைத்தது. அந்தக் கொத்தின் வடிவத்தை அணு அணுவாகப் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்த்துச் சொன்னவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள்.

செயற்கையாக இப்படி ஒரு டாக்சி செய்வது, முதலில் ஏறியவர் இறங்கிவிடாமல் நான்காவது ஆள் வரும்வரை பிடித்து வைப்பது, இதற்காகவே வாழ்நாளைச் செலவழித்த வேதியியலாளர்கள் பலர்.

கண்ணாடியை நகர்த்திக் காலத்தை அளப்பது

அக்கா மகள் ஒருநாள் சொன்னாள்: “மாமா, நாங்க பாதி நாள் கண்ணாடி நகர்த்துறதுலதான் போகுது.”

எலக்ட்ரான் எப்போது போனது, எப்போது திரும்பியது என்று தெரியாமல் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த ஓட்டம் ஃபெம்டோ விநாடிக் கணக்கில் நடக்கிறது. ஒரு விநாடியோடு ஒப்பிட்டால் ஒரு ஃபெம்டோ விநாடி எவ்வளவு சிறியது என்றால், ஏறக்குறைய 3.2 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஒரு விநாடி எவ்வளவு சிறியதோ அவ்வளவு. எந்தக் கடிகாரமும் அதற்கு உதவாது. ஆகவே ஒளியையே கடிகாரமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் பாதி போய் எலக்ட்ரானைத் தூக்கும். இரண்டாம் பாதி கொஞ்சம் பிந்தி வந்து, பொருளின் நிறம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கும். எவ்வளவு பிந்த வேண்டும் என்பதைக் கண்ணாடிதான் முடிவு செய்கிறது. இரண்டாம் துடிப்பு பட்டுத் திரும்பும் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால், போய்வரும் தூரம் 0.3 மில்லிமீட்டர் கூடும். ஒளிக்கு அந்தத் தூரம் 1 பைக்கோ விநாடி. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி அளந்தால் எலக்ட்ரானின் பயணம் ஒரு படமாக விரியும். எகிப்தில் பிறந்த அகமது ஸெவாயில் இந்த வழியில் வேதிவினைகளைப் பார்த்ததற்காக 1999-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த அளவீடுகளால் ஒரு பழைய புதிர் தெளிந்தது. சாயங்களில் அதிகம் நம்பப்பட்டது ருத்தேனியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்தவை. எலக்ட்ரானைத் தூக்கினால் நூற்றுக்கணக்கான நானோ விநாடிகள்வரை மேலேயே இருக்கும், கைமாற்ற நிறைய நேரம் உண்டு. ஆனால் ருத்தேனியம் அபூர்வம், விலையும் அப்படி. தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே இரும்பு உட்கார்ந்திருக்கிறது. மலிவானது, எங்கும் கிடைப்பது. ஒரே குடும்பம்தானே, இரும்பை வைத்தே செய்தால் என்ன? செய்தார்கள். நிறமும் வந்தது. எலக்ட்ரான் மட்டும் 0.1 பைக்கோ விநாடியிலேயே அந்த உயரத்திலிருந்து சரிந்துவிட்டது. இரும்புக்குள்ளேயே பயனற்ற தாழ்ந்த நிலைகள் இருப்பதால் எலக்ட்ரான் அவற்றில் விழுந்து வழுக்கிக்கொண்டு போகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இரும்பைச் சுற்றியுள்ள மூலக்கூறுப் பிடிகளை மாற்றி, அந்தத் தாழ்ந்த நிலைகளை மேலே தூக்கிவிட்டார்கள். 2017-இல் 100 பைக்கோ விநாடி கிடைத்தது. 2019-இல் 2 நானோ விநாடி. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. உள்ளே இருப்பவருக்கு, 0.1 பைக்கோ விநாடி 20,000 மடங்கானது திருவிழா.

அப்படியானால் இப்போது எங்கே நிற்கிறோம்?

நேர்மையாகச் சொன்னால், இன்றைக்கு வெயிலிலிருந்து ஹைட்ரஜன் வேண்டுமென்றால் சோலார் பலகை வாங்கி, அதன் மின்சாரத்தைத் தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கருவியில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பலகை வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும், கருவி அதில் 70 சதவீதத்தை ஹைட்ரஜனாக்கும் என்று வைத்தால் 14 சதவீதம் கைக்கு வரும். இதற்குப் பக்கத்தில் ஒளிவினையூக்கிப் பொடியின் கணக்கு மிகச் சிறியது. ஜப்பானில் கசுனாரி டோமெனின் குழு 100 சதுர மீட்டருக்குப் பொடி பூசிய தட்டுகளைத் திறந்த வெளியில் வைத்து ஹைட்ரஜன் எடுத்தது. 2021-இல் வெளியான அந்த ஆய்வில் உச்ச அளவு 0.76 சதவீதம். பொடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே இடத்தில் கலந்தே வரும், வெடிக்கக்கூடிய கலவை. அவர்கள் அதை ஒரு சவ்வு வழியாகச் செலுத்திப் பிரித்தார்கள்.

பிறகு ஏன் இந்தப் பாடு? பொடி மலிவு, அமைப்பு எளிமை. தட்டில் பூசிய பொடியும் தண்ணீரும் வெயிலும் தவிர வேறொன்றும் வேண்டாம் என்ற நிலை வந்தால், கம்பியும் கருவியும் போட முடியாத பரப்புகளுக்கு அது போகும். விலைக் கணக்கை மாற்றுவதற்கு 14 வரை வரத் தேவையில்லை, அதற்குக் குறைவாகவே போதும். ஆனால் 0.76 நிச்சயமாகப் போதாது. தவிர, ஒளிவழி வினைகளால் ஹைட்ரஜன் மட்டுமல்ல, கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் செய்யவும் முயல்கிறார்கள். அது இன்னும் கடினம், அதைப் பற்றி இன்னொரு நாள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நம்ம ஊர் வெயிலுக்கு இது நல்லாத்தானே வரணும்?” என்றார். நாம் பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கில் இருக்கிறோம், வருடம் முழுவதும் பகல் 12 மணி நேரம்தான். மேகம் விலகிய உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் அளவுக்கு வெயில் கொட்டும். மேகம் விலகினால்தான். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வருவது நமக்குத் தெரியாததா?

“மேகம் வந்தா அன்னைக்கு வேலை நின்னுடுமா?” என்று மகளிடம் கேட்டார்.

“நாங்க வெயில்லயே வைக்கிறதில்லம்மா,” என்றாள். ஆய்வுக்கூடத்துக்குச் சன்னல்கூடக் கிடையாதாம். செனான் விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் முன் வடிகட்டி வைத்து, சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்று பிசகாமல் அளந்து வைத்திருக்கிறார்கள். இங்கே எடுக்கும் எண்ணை லுண்டிலும் தோக்கியோவிலும் எடுக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் எல்லோருடைய வெயிலும் ஒரே வெயிலாக இருக்க வேண்டும். ஜார்ஜ் டவுன் மேகத்தை நம்பி அது நடக்காது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ வெயிலப் பத்தி ஆராய்ச்சி பண்ண, கதவச் சாத்திக்கிட்டு விளக்கு போட்டு உட்கார்ந்திருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு, தூறல் விழ ஆரம்பித்ததால் மூங்கில் கழியை உள்ளே இழுக்கப் போனார்.